118-க்கு 106 இன்ச் அறையில் ஐந்தடிக் கட்டில்: எட்டு மாதம் படுத்துப் பார்த்தபின்

ஏழு வருடமாக என் பீரோவைக் கட்டில்மேல் மண்டி போட்டுத்தான் திறந்துகொண்டிருந்தேன். பக்தியெல்லாம் இல்லை. கட்டிலின் கால்மாட்டுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த இடம் 15 இன்ச். பீரோவின் ஒரு கதவு 18 இன்ச். பாதி திறந்ததும் கட்டில் சட்டத்தில் போய் ‘டங்’கென்று இடிக்கும். அந்த இடுக்கில் நின்றுகொண்டு எதையும் எடுக்க முடியாது. கட்டில் ஓரத்தில் மண்டி போட்டு, பாதிக் கதவு வழியாகக் கையை விட்டு, அடுக்கின் நடுவில் இருக்கும் புடவையை உருவ வேண்டும். உருவினால் மேலே இருக்கும் நாலு புடவையும் சேர்ந்து சரியும். காலை எட்டேகால் மணிக்கு, ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில், வாரத்தில் ஆறு நாள்.

எல்லாம் ஒரு ஆடித் தள்ளுபடியில் வந்த வினை. குரோம்பேட்டையில் இந்த ஃபிளாட்டுக்குக் குடி வந்த புதிது. ஒரு பெரிய ஷோரூமில் ‘கிங் சைஸ் கட்டில் வாங்கினால் மெத்தை இலவசம்’ என்று போட்டிருந்தார்கள். பெட்ரூம் 10-க்கு 9 என்று நாங்களும் சொன்னோம். “தாராளமா போகும் மேடம். லைஃப்ல ஒரு தடவை வாங்குறது, பெருசாவே வாங்கிடுங்க” என்றார் விற்பனைப் பையன். கட்டில் போயிற்று. நாங்கள்தான் போக முடியவில்லை.

போன வருடம் அதை விற்றுவிட்டு, பம்மல் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஐந்தடி அகலக் கட்டில் செய்து வாங்கினோம். எட்டு மாதம் ஆயிற்று. சின்ன அறைக்கு என்ன அளவு வாங்குவது என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக, கட்டிலைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் அறை. பில்டர் கொடுத்த பிளானில் 10 அடிக்கு 9 அடி. அதாவது 120-க்கு 108 இன்ச். பிளானில் போடுவது பெரும்பாலும் செங்கல் சுவருக்குச் சுவர். பூச்சுக்கு இரு பக்கமும் அரை அரை இன்ச் போய்விட்டது. டேப் வைத்தால் 119-க்கு 107. தரையோரம் ஸ்கர்ட்டிங் டைல் ஒட்டியிருக்கிறார்களே, அதுவும் இரு பக்கமும் அரை அரை இன்ச். ஆக, தரையில் நிற்கிற சாமானுக்கு உண்மையில் கிடைப்பது 118-க்கு 106. இரண்டு இன்ச்தானே என்று தோன்றும். எனக்குப் பீரோ திறக்காமல் போனது மூன்று இன்ச்சில்.

என் தம்பி சிவில் படித்தவன். “அக்கா, தேசியக் கட்டட விதித் தொகுப்புல ரெண்டு ரூம் இருக்குற வீட்டுக்கு ஒரு ரூம் 9.5 சதுர மீட்டர், இன்னொண்ணு 7.5 இருந்தா போதும்னுதான் இருக்கு. உன் ரூம் எட்டேகால் இருக்கு. சட்டப்படி அது சின்ன ரூமே இல்ல” என்று ஆறுதல் சொன்னான். சட்டம் பீரோ கதவைத் திறந்து பார்த்ததில்லை போல.

இனிக் கட்டில். கிங் என்றால் 72 இன்ச், குயின் என்றால் 60 என்று நம் ஊரில் சொல்வது மெத்தையின் அகலத்தை மட்டும்தான். நீளம் 72, 75, 78 என்று மூன்று விதமாக வரும். ‘குயின்’ என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் எந்த நீளம் வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். 75 இன்ச் கட்டிலில் 72 மெத்தையைப் போட்டுவிட்டு, தலைமாட்டில் விழும் மூன்று இன்ச் பள்ளத்தில் தினமும் தலையணையையும் கண்ணாடியையும் தேடுகிற ஒரு வீடு எங்கள் மாடியிலேயே இருக்கிறது. அமெரிக்க அளவு இன்னும் வேறு. அங்கே குயின் 60-க்கு 80, கிங் 76-க்கு 80. ஆன்லைனில் வெளிநாட்டு அளவில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்கினால் நம் மெத்தையில் கால்மாட்டில் மிஞ்சிச் சுருண்டு கிடக்கும்.

மெத்தை அளவு வேறு, கட்டில் அளவு வேறு என்பதை நான் ஏழு வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் பழைய கிங் கட்டிலின் மெத்தை 78-க்கு 72. கட்டிலோ வெளிவட்டத்தில் 84-க்கு 76. தலைமாட்டில் நாலு இன்ச் பருமனுக்குக் குஷன், சுற்றிலும் அழகுக்கு ஒரு விளிம்பு. அந்த விளிம்பில் யாரும் படுப்பதில்லை, முழங்கால் இடித்துக்கொள்வதோடு சரி. 118-இல் 84 போனால் 34. அதில் பீரோவின் ஆழம் 19 போனால் 15. இந்தக் கழித்தல் கணக்கை அன்றைக்கே ஷோரூமில் போட்டிருந்தால் எவ்வளவோ புடவை கசங்காமல் இருந்திருக்கும்.

கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். “உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு” என்று என் மாமியார் ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வார். வடக்கு கிடையவே கிடையாது. தெற்குச் சுவரில் ஜன்னல், ஐப்பசியில் சாரல் நேரே தலைமேல். மேற்கில் பீரோவும் வாசலும். மிச்சம் கிழக்கு ஒன்றுதான். நம் வீடுகளில் கட்டில் அளவை டேப் பாதி முடிவு செய்தால் திசை பாதி முடிவு செய்கிறது. இதை எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை.

அகலத்திலும் அதே கதை. 106-இல் 76 போனால் 30. கட்டிலைத் தெற்குச் சுவரோடு ஒட்டிவிட்டு, வடக்குப் பக்கம் 30 இன்ச் வழி வைத்திருந்தோம். சுவரோரம் படுப்பவர் என் வீட்டுக்காரர். வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை உண்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால்மாடு வரை தவழ்ந்து வந்து இறங்குவார். நான் விழித்துக்கொள்ளக் கூடாது என்று அவர் எடுக்கும் ஜாக்கிரதையிலேயே எனக்கு விழிப்பு வந்துவிடும். விரிப்பு மாற்றுவது இன்னொரு கூத்து. சுவர்ப் பக்கம் செருக, மெத்தையைத் தூக்கி, அதற்கு அடியில் தோளைக் கொடுத்து, ஒரு கையால் துணியைத் தள்ள வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் ஏறிக் குளிரும். இரண்டாவது கார்த்திகையில் மெத்தையின் அந்த ஓரம் முழுக்கப் பூஞ்சை. கட்டிலை விற்கும்போது மெத்தையை யாரும் தொடக்கூட இல்லை.

சரி, புதிதாக என்ன வாங்குவது? ஆரம்பத்தில் நான் நாலடிக் கட்டிலுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். 48 இன்ச். அறை காலியாக, தாராளமாக இருக்கும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து டேப் பிடித்தேன். தோளுக்குத் தோள் 19 இன்ச். கையை மடித்து முழங்கையைப் பரப்பினால் 27. நாலடியில் ஆளுக்கு 24தான் கிடைக்கும். “புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு சரியா இருக்கும்” என்றார் அவர் தரையில் கிடந்தபடியே. ஐந்தடி என்றால் ஆளுக்கு 30. அதில் முழங்கை பரப்பி மூன்று இன்ச் மிச்சம். அவ்வளவுதான் கணக்கு. ஒரு ஆளுக்கோ, அம்மாவும் சின்னக் குழந்தையும் படுக்கவோ நாலடி நல்ல அளவு. இரண்டு பெரியவர்கள் வருடக்கணக்கில் படுக்க அது பத்தாது.

தூக்கித் திறக்கும் ஹைட்ராலிக் கட்டிலையும் பார்த்தோம். சின்ன அறையில் பெட்டி போல அடியில் சாமான் வைக்கலாம் என்பது பெரிய ஆசைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கிற தலையணை, போர்வை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மெத்தையோடு பலகையைத் தூக்க வேண்டும். அடியில் காற்றே போகாது. எங்கள் ஓதச் சுவர் அனுபவத்துக்குப் பிறகு அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. பக்கவாட்டு டிராயர் வைத்த கட்டில் என்றால், டிராயர் ஒன்றரை அடி வெளியே வரவும், எதிரே ஒரு ஆள் குனியவும் இடம் வேண்டும். அந்த இடம் இருந்தால் எதற்குச் சின்ன அறை என்று புலம்புகிறோம்?

இந்த இடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய கட்டில் போன அன்று, அறை காலியாக இருந்தபோது, கோலமாவை எடுத்து தரையில் 78-க்கு 62 என்று ஒரு செவ்வகம் போட்டேன். பீரோவின் இரண்டு கதவும் திறந்தால் வரும் வளைவையும் போட்டேன். வாசல் கதவுக்கும் ஒன்று. நடுவில் பாயை விரித்து மூன்று நாள் அதற்குள்ளேயே படுத்தோம். படுப்பதைவிட நடப்பதைத்தான் கவனித்தேன். முதல் நாள் கோட்டைத் தெற்கே சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன், பழைய பழக்கம். இரண்டாம் நாள் அழித்துவிட்டு 17 இன்ச் தள்ளிப் போட்டேன். அப்போது தெற்கே 17, வடக்கே 27, கால்மாட்டில் பீரோவுக்கு 21. கோலத்தை மிதிக்கக் கூடாது என்று மாமியார் கோட்டைச் சுற்றியே நடந்தார். அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. எழுபத்தாறு வயதுக்காரர், முட்டி வலியோடு, கையில் டம்ளருடன், கோட்டில் கால் படாமல் குளியலறைக் கதவு வரை போய் வந்துவிட்டார். அளவு முடிவாயிற்று. சாக்பீஸிலும் போடலாம், பழைய பேப்பரை வெட்டியும் ஒட்டலாம். ஆனால் மூன்று நாளாவது அதோடு குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் எல்லா அளவும் சரியாகத்தான் தெரியும்.

பட்டறைக்காரர் நடுத்தர வயது. இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு தகரக் கொட்டகையில் வேலை செய்கிறார். நான் போனதும், “ஐந்தடிக்கு ஆறேகால் கட்டில் வேணும் அண்ணா” என்றேன். “கட்டில் அளவு இருக்கட்டும்மா, ரூம் அளவு சொல்லுங்க. பீரோ எங்க இருக்கு? மாடி எத்தனாவது? லிஃப்ட் உண்டா?” என்றார். ஏழு வருடத்துக்கு முன் இந்த நாலு கேள்வியை யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. அடுத்த நாள் மூலைமட்டத்தோடு வீட்டுக்கே வந்து பார்த்தார். தென்கிழக்கு மூலை நேராக இல்லை, அரை இன்ச் கோணல் என்று கண்டுபிடித்தார். அந்த மூலையில் ஒட்டிப் போடுவதாக இருந்தால் அரை இன்ச் குறைத்துச் செய்திருப்பாராம். நாங்கள் தள்ளிப் போடுவதால் தேவைப்படவில்லை.

நீளத்துக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஆள் உயரத்தோடு அரை அடி. வீட்டுக்காரர் ஐந்தடி ஒன்பது இன்ச், அதாவது 69. ஆறைக் கூட்டினால் 75. “78 போட்டா அந்த மூணு இன்ச்சு உங்க பீரோகிட்ட இருந்துதான் வரணும்” என்றார். தலைமாட்டுக்குக் குஷன் வேண்டாம், 19 எம்.எம். பிளைவுட் இரட்டைப் பலகை போதும் என்று சொன்னதும் அவர்தான். மெத்தை சட்டத்துக்குள் ஒரு இன்ச் இறங்கி உட்காரும்படி செய்தார். 75-க்கு 60 மெத்தைக்கு வெளி அளவு 78-க்கு 62-தான் வந்தது. பழைய கட்டிலோடு ஒப்பிட்டால் மெத்தை ஒரு அடி குறுகியது, கட்டில் ஒரு அடி இரண்டு இன்ச் குறுகியது.

உயரம் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, பாதம் தரையில் முழுக்கப் படுகிறதா என்று பார்த்தார். இப்போது தரையிலிருந்து மெத்தையின் மேல்பக்கம் 19 இன்ச். சட்டத்துக்கு அடியில் 9 இன்ச் காலி. துடைப்பமும் மாப்பும் தலைமாடு வரை போகின்றன. பழைய கட்டில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். வீடு துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு அதன் அடிப்பலகை அப்பளம் போல உப்பிவிட்டது. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொண்டுவந்த விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு மூன்றடி அகலம். பழைய கட்டிலின் தலைமாடு திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம். எதிர் ஃபிளாட் குழந்தைகள் கைதட்டினார்கள். இந்தத் தடவை குட்டி யானையில் ஒன்பது பாகமாக வந்தது. போல்ட் போட்டு முடுக்க ஒன்றேகால் மணி நேரம். மெத்தையைத் தனியாக ஆன்லைனில் வாங்கினோம், ஆறு இன்ச் ஃபோம், சுருட்டிப் பெட்டியில் வந்தது. தேங்காய் நார் மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்பது வீட்டுக்காரர் கட்சி. அதை மடிக்க முடியாது, அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் நானே நின்று பார்த்திருக்கிறேன் என்பது என் கட்சி. நான் ஜெயித்தேன்.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்தார். ஒவ்வொரு போனுக்கும் “நாளைக்கு மைக்கா ஒட்டுறோம்மா” என்றே பதில். வந்து ஒரு மாதத்தில் நடுவில் ‘கிரீச்’ சத்தம். யாராவது புரண்டால் போதும், பழைய மாட்டு வண்டிதான். ஐந்தடி அகலத்துக்கு நடுச்சட்டத்துக்கு அடியில் ஒரு கால் கட்டாயம் வேண்டும். அவர் ஓரத்துச் சட்டம் தாங்கும் என்று விட்டிருந்தார். திட்டிக்கொண்டே போன் செய்தேன். மறுநாளே வந்து ஒரு கால் அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதோடு சத்தம் நின்றது. நீங்கள் செய்யச் சொன்னால் நடுக்காலை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். வாசல் பக்க மூலையில் மைக்கா ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது, அதை ஒட்ட இன்னும் வரவில்லை. கட்டிலுக்கு 24,500 ஆயிற்று. ஷோரூமில் கிட்டத்தட்ட அதே விலைக்கு இதைவிடப் பகட்டாகக் கிடைக்கும். தலைமாட்டில் விளக்கு, போன் சார்ஜ் செய்ய ஓட்டை எல்லாம் இருக்கும். பகட்டு வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

தெற்குப் பக்கத்து 17 இன்ச்சைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அது வழி இல்லை, இடுக்கு. வீட்டுக்காரர் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நகர்கிறார். இரண்டு அடியாவது இருந்தால்தான் நேராக நடக்க முடியும். ஆனால் அவர் பக்கம் அவரே காலைத் தொங்கப்போட்டு இறங்குகிறார். என் தூக்கம் கலைவதில்லை. விரிப்பை இரு பக்கமும் நின்று இழுத்துச் செருக முடிகிறது. 90-க்கு 100 சென்னிமலை விரிப்பு கச்சிதமாக இருக்கிறது. கிங்குக்கு 108-க்கு 108 தேடி அலையும் வேலை இப்போது இல்லை. போன ஐப்பசி கார்த்திகை முழுக்க மழை பெய்தும் மெத்தையில் ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே காற்று போகிறது. பீரோவின் இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு முதல் நாள் நான் சும்மாவே நின்றுகொண்டிருந்தேன். எந்தப் புடவையையும் எடுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் பழைய கட்டிலை நினைத்துக்கொள்கிறேன். பெண் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் ஆறடிக் கட்டிலில் எங்களுக்கு நடுவில் வந்து படுத்துக்கொண்டு, பாதி ராத்திரி வரை கதை பேசுவாள். ஐந்தடியில் மூன்று பேர் என்றால் ஒருவர் விளிம்பில் தொங்க வேண்டியதுதான். பொங்கலுக்கு வந்தவள் கட்டிலைப் பார்த்ததும், “என் இடத்தைத்தான் வெட்டிட்டீங்களாம்மா?” என்றாள். ஹாலில் திவான் இருக்கிறது, போகமாட்டேன் என்றாள். அடியிலிருந்து கோரைப்பாயை இழுத்து, வடக்குப் பக்கம் அந்த 27 இன்ச்சில் விரித்தாள். பாய் மூன்றடி. ஓரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ராத்திரி வீட்டுக்காரர் தன் இடுக்கு வழியாக இறங்கி, கால்மாட்டைச் சுற்றி வந்து, வழியில் அவள் கிடப்பதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் ஹால் குளியலறைக்குப் போனார்.